தீவனம் சரியில்லை என்ற பன்றி

காட்டில் சிங்கராஜாவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. விருந்துப் பொறுப்பு நரிக்கு. அது உடனே உருளையன் என்ற பன்றியை அழைத்து வந்து, குளக்கரையில் கொட்டகை போட்டுக் கொடுத்து, கடலைப் புண்ணாக்கை அள்ளி அள்ளி வைத்தது. மாலைதோறும் கரடி வந்து உருளையனைத் தூக்கிப் பார்த்து, "இன்னும் கனம் ஏறணும்" என்று சொல்லிவிட்டுப் போகும்.

விருந்தில் தனக்கு என்ன வேலை என்று உருளையன் கேட்கவில்லை. நரியும் சொல்லவில்லை. எல்லாம் ராஜமரியாதை என்று அந்த அசடு பூரித்துப்போனது.

கல்யாணத்துக்கு முன்பே புண்ணாக்கு தீர்ந்துவிட்டது. நரி குளத்தில் மிதந்த அசோலா என்ற நீர்ப்பாசியை வழித்து வந்து தொட்டியில் போட்டது.

"என்ன இது, வெறும் பாசி!" என்று உருளையன் சீறியது. "இதில் புரதம் போதாது! நேற்று கரடி என்னை ஒரே கையால் தூக்கிவிட்டது. எனக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா?"

நரிக்கு வாயெல்லாம் பல். தானே கொழுக்கத் துடிக்கும் பன்றி யாருக்குக் கிடைக்கும்! குப்பைமேட்டுக்கு ஓடி, கொழுகொழுவென்றிருந்த ஈப்புழுக்களைக் கூடையோடு கொண்டு வந்து கொட்டியது.

நரி நகர்ந்ததும் ஒரு புழு தொட்டியின் விளிம்பில் ஏறிக் கத்தியது. "பன்றியண்ணே, ஒரு நிமிஷம்! நீ கொழுக்க எங்களைப் போடுகிறார்கள். நீ கொழுத்தால் யாருக்கு லாபம்? கேட்டாயா?"

உருளையனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தீவனம் தீவனமாக இருக்கணும்! கேள்வி கேட்கிற தீவனத்தை நான் பார்த்ததே இல்லை!" என்று அதை லபக்கென்று விழுங்கியது. பாவம், உருளையனின் உயிரைப் பற்றி யோசித்த ஒரே ஜீவன் அதுதான்.

"நரியாரே, ருசி பிரமாதம்! இனி தினமும் இதையே போடும்!"

கல்யாண நாளும் வந்தது. கரடி இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தது, முடியவில்லை. உருளையனுக்குப் பெருமை தாங்கவில்லை. நரி அதைக் குளிப்பாட்டி, மஞ்சளும் மிளகும் பூசிப் பந்தலுக்கு நடத்திக்கொண்டு போனது.

"மிளகு எதுக்கு?"

"வாசனைக்கு ஐயா!"

"நான் எந்த இலைக்கு முன்னால் உட்காரணும்?"

"இலைக்கு முன்னால் இல்லை ஐயா. இலைமேல்!"

உருளையன் அலறிக்கொண்டு ஓடப் பார்த்தது. ஆசை ஆசையாக வளர்த்த வயிறு அதை ஓரடி நகரவிடவில்லை.

தட்டில் விழுவது போதவில்லை என்று சண்டை போடுவதற்கு முன், அதை எதற்காகப் போடுகிறார்கள் என்று கேட்டுவிட வேண்டும்.