சந்தனப் பொட்டு இல்லாத கம்ப்யூட்டர்

பொள்ளாச்சி பம்புசெட் கடை முதலாளி ராக்கியப்பன், கணக்கு பார்க்கும் தெய்வானையை அன்றும் வம்புக்கு இழுத்தார்.

“காசில்லாத லினக்ஸு, காசில்லாத கணக்கு சாஃப்ட்வேர். அதுக்குத் தினமும் தனி டிஸ்க்ல பேக்கப் வேற. அந்த டிஸ்க் ஆபத்துக்கு உதவும்னு இப்பவே காட்டு. ஆனா என் கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகக் கூடாது.”

“காட்டியாச்சுங்கண்ணா. ஆயுத பூஜைக்கு நீங்க வச்ச சந்தனப் பொட்டு கம்ப்யூட்டர் பெட்டியில இருக்குதுங்களா?”

முதலாளி மேசைக்கடியில் குனிந்து பெட்டியைப் பார்த்தார். பொட்டைக் காணோம்.

“அன்னைக்கு நீங்க தெளிச்ச மஞ்சத் தண்ணியில உங்க பெட்டி போயிருச்சுங்க. இது குடோன்ல கெடந்த பழசு. நாலு நாளா நீங்க பார்க்கிற கணக்கெல்லாம் அந்த டிஸ்க்ல இருந்து நான் ஏத்துனதுங்க.”

அடுத்த வருஷ ஆயுத பூஜையில் முதலாளி முதல் பொட்டை டிஸ்க்குக்குத்தான் வைத்தார். மஞ்சள் தண்ணீர்ச் செம்பைத் தெய்வானை அதற்கு முன்பே ஒளித்து வைத்திருந்தாள்.