பட்டியலின் தனிக்குடித்தனம்

ஓர் ஊரில் ஒரு ரத்த வங்கி இருந்தது. அதன் கணினிக்குள் ஒரு தரவுத்தளம் குடியிருந்தது. யார் ரத்தம் கொடுத்தார்கள், என்ன குரூப், எந்த போனில் கூப்பிட வேண்டும் என்று எதைக் கேட்டாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும். அதனால் எல்லோரும் அதைப் பெருந்தளம் என்றார்கள். அதற்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

பெருந்தளத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று, அதைப் பராமரித்த ஜெசிந்தா நகல்கள் எடுத்து வைத்தாள். அவ்வப்போது ஒரு முழு நகல். நடுநடுவே புதிதாக வந்த மாற்றங்களை மட்டும் சுமக்கும் குட்டி நகல்கள். எல்லாம் பக்கத்துக் கட்டிடத்தில் இருந்தன. குட்டிகளுக்குத் தாம் யாருக்குப் பின்னால் வர வேண்டும் என்றுகூடத் தெரியாது. எது எப்போது எடுத்தது, எது பாதியில் நின்றது, எதன் மேல் எதை ஏற்ற வேண்டும் என்பதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொள்ளவே ஜெசிந்தா ஒரு பட்டியலை உருவாக்கினாள்.

பட்டியலை எங்கே குடிவைப்பது என்று பேச்சு வந்தது.

“பக்கத்துக் கட்டிடத்துல ஒரு சின்ன மிஷின் போதும்க்கா. நான் அங்க இருந்துக்கிறேன்” என்று பெருந்தளத்திடம் சொன்னது பட்டியல்.

பெருந்தளத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. “தனிக்குடித்தனமா? இங்க உனக்கு என்ன குறை வெச்சிரப்போறேன்?”

“குறையெல்லாம் இல்லக்கா. நாளைக்கே உங்களுக்கு முடியாமப் போனா...”

“நல்ல வார்த்தையே வராதா உன் வாயில?”

ஜெசிந்தா யோசித்தாள். புது மிஷின் என்றால் எழுதிக் கேட்க வேண்டும், மேலதிகாரி பின்னால் அலைய வேண்டும். பெருந்தளத்தின் மூஞ்சியையும் பார்க்கச் சகிக்கவில்லை. “சரி, இப்போதைக்கு இங்கயே இருக்கட்டும்” என்றாள். நம் அலுவலகங்களில் ‘இப்போதைக்கு’ எவ்வளவு நாள் உயிர் வாழும் என்று எல்லோருக்கும் தெரியும். பெருந்தளம் குளிர்ந்துபோய், தன் வீட்டிலேயே நல்ல அறையாகப் பார்த்துப் பட்டியலுக்குக் கொடுத்தது.

ஒரு நாள் மதியம், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரம், பெருந்தளம் இருந்த ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது. உள்ளே இருந்த பட்டியலும் அதோடு சேர்ந்து போய்விட்டது.

அந்நேரம் பார்த்துப் பேச்சியம்மாள் ஓடிவந்தாள். அவள் மகள் செங்கமலத்துக்குக் குழந்தை பிறந்திருந்தது, ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுக்கு வேண்டியது அபூர்வமான பாம்பே குரூப். அந்த ரத்தம் உள்ளவர் அந்த வட்டாரத்திலேயே ஒருவர்தான். அவருடைய போன் நம்பர் பெருந்தளத்துக்குள் இருந்தது.

“கம்ப்யூட்டர்ல இருக்கும்னு ஆஸ்பத்திரில சொன்னாவளே தாயி. கிடைச்சிருமா?”

“கிடைச்சிரும், இருங்க” என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா பக்கத்துக் கட்டிடத்துக்கு ஓடினாள்.

நகல்கள் தூக்கம் கலைந்து எழுந்தன.

“முழு நகல் யாரு?”

“நான்தான்” என்றது ஒன்று.

“நானும்தான்” என்றது இன்னொன்று. “ஆனா என்னை எடுக்கும்போது பாதியில கரண்ட் போயிருச்சு.”

“குட்டிங்கள்ல முதல்ல யாரு?”

குட்டிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. “பட்டியல் அக்காவைக் கேளுங்க.”

“அவ உள்ள மாட்டிக்கிட்டா.”

“வெளிய எடுக்கக் கூடாதா?”

“எடுக்கணும்னா உங்களை வரிசையா நிறுத்தணும்.”

“வரிசை யாருக்குத் தெரியும்?”

“அவளுக்குத்தான்.”

குட்டிகளில் ஒன்று களுக்கென்று சிரித்துவிட்டது. ஜெசிந்தா முறைத்த முறைப்பில் வாயைப் பொத்திக்கொண்டது.

நல்ல முழு நகலை முதலில் வேறொரு டிஸ்க்கில் ஏற்றி, கிடைத்த நம்பருக்குப் பேசினாள். எடுத்தவர், “அவரு இந்த நம்பரை மாத்திட்டாரும்மா. இப்ப நான்தான் வெச்சிருக்கேன்” என்றார். புது நம்பர் ஏதோ ஒரு குட்டியிடம் இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஒன்றை ஏற்றினாள், ஒத்துவரவில்லை. இறக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். ஜன்னல் வழியே பேச்சியம்மாள் தெரிந்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தா அடுத்த குட்டியைத் திறந்தாள்.

வெயில் தாழ்ந்தபோது வரிசை ஒருவழியாகப் பிடிபட்டு, நம்பர் கிடைத்தது. ஆளும் வந்து சேர்ந்தார். செங்கமலம் பிழைத்துக்கொண்டாள். “இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தா சொல்றதுக்கில்ல” என்றார் டாக்டர்.

பெருந்தளம் உள்ளிருந்த பட்டியலோடு எழுந்து உட்கார்ந்ததும் அதைத்தான் முதலில் கூப்பிட்டது. “பாசத்துலதான் உன்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டேன். விழும்போது உன்னையும் இழுத்துக்கிட்டு விழுவேன்னு தோணலியே. கிளம்பு, கண்ணு.”

ஜெசிந்தா அலைய வேண்டிய இடமெல்லாம் அலைந்து ஒரு சின்ன மிஷின் வாங்கினாள். பட்டியல் பக்கத்துக் கட்டிடத்துக்குக் குடிபோனது. பால் காய்ச்சாததுதான் குறை.

அங்கே பட்டியலுக்கு ஒரே மரியாதை. நகல்கள் தொட்டதற்கெல்லாம் அதனிடம் வந்து நின்றன. அதுவும் கால்மேல் கால் போட்டுப் பதில் சொல்லப் பழகிக்கொண்டது.

ஒரு காலையில் ஜெசிந்தா ஒயரும் கையுமாக வந்தாள்.

“என்னம்மா இது?”

“உன்னையும் ஒரு நகல் எடுத்து, வேற இடத்துல வெச்சிரலாம்னு.”

பட்டியலுக்குச் சுருக்கென்றது. “என்னையா? எனக்கு என்ன ஆயிரப்போகுது?”

ஜெசிந்தா இந்த முறை யார் மூஞ்சியையும் பார்க்கவில்லை. ஒயரைச் செருகினாள்.