இருவாச்சியின் அரண்மனை

முன்னொரு காலத்தில், மேகம் தரையிறங்கி இளைப்பாறுகிற ஒரு மலை இருந்ததாம். அந்த மலைக்குக் காவல், கெம்பி என்கிற மலைக்காரி.

கீழ்நாட்டு ராசா மாறங்கோ புது அரண்மனைத் தூணுக்கு மரம் தேடி, மந்திரியோடும் கோடரிக்காரர்களோடும் வந்தான். சோலைக்காட்டிலேயே பெரிய மரத்தைத் தட்டி, "இதை வெட்டுங்கள்!" என்றான்.

கெம்பி குறுக்கே நின்றாள். "இது ஏற்கெனவே ஒருத்தரோட அரண்மனை, ராசா."

உச்சியில் ஒரு பொந்து. வாசலைப் பூசியடைத்துக்கொண்டு தாய் இருவாச்சிப் பறவை குஞ்சோடு உள்ளே இருந்தது. ஒரு கீறல்தான் திறப்பு. அதன் வழியே ஆண்பறவை பழம் பொறுக்கி வந்து ஊட்டினால்தான் இரண்டுக்கும் உயிர் என்று கெம்பி காட்டினாள்.

ராசா சிரித்தான். "பழம் பொறுக்குவதெல்லாம் ஒரு பெருமையா?"

"அப்போ நீங்களும் பொறுக்குங்களேன். ஆள் அம்பு கூடாது. அந்த ஆண்பறவை மூணு நடை வர்றதுக்குள்ள ஒரு கை நிறையக் கொண்டாந்தா, மரத்தை நானே வெட்டித் தர்றேன். இல்லேன்னா கோடரி கீழே இறங்கணும்."

"சரி" என்று ராசா ஒப்புக்கொண்டான்.

ராசா புல்வெளிக்குப் போனான். காட்டெருது ஒன்று தலைநிமிர்ந்து பார்த்தது. வெறுங்கையோடு வந்தான். பறவை பழத்தோடு வந்தது.

பாறைச் சரிவுக்குப் போனான். அவன் சறுக்கி விழுந்த இடத்தில் வரையாட்டுக் குட்டி துள்ளி ஓடியது. வெறுங்கையோடு வந்தான். பறவை பழத்தோடு வந்தது.

"மகாராசா, வழுக்கினது பாறையா, பட்டுச் செருப்பா?" என்று மந்திரி மெல்லக் கேட்டார்.

சோலைக்குள் போனான். கால் முழுக்க அட்டை. வெகுநேரம் கழித்து வந்து கையை விரித்தான். பாதி அத்திப்பழம்.

"மீதி எங்கே, ராசா?"

"பசித்தது... வழியிலேயே தின்றுவிட்டேன்."

அப்போது காற்றைக் கிழித்துக்கொண்டு இறக்கைச் சத்தம். ஆண்பறவை மரத்தைப் பற்றிக்கொண்டு, தொண்டைக்குள் சேர்த்திருந்த பழங்களை ஒன்று, இன்னொன்று, இன்னொன்று என்று கீறலுக்குள் கொடுத்தது. கடைசிப் பழத்தையும் கொடுத்துவிட்டுப் பறந்தது.

ராசா தன் கையிலிருந்த பாதியைப் பார்த்தான். கோடரிகளை இறக்கச் சொன்னான்.

"பெண்ணே, என்ன பரிசு வேண்டும்? கேள்."

கெம்பி தலைநிமிர்ந்தாள். "இது கேட்டு வாங்குற மலையில்லீங்க, ராசா. கொடுக்குற மலை."

கோடரிக்காரர்கள் போனார்கள். மந்திரி போனார். பாதிப் பழத்தை மரத்தடியில் வைத்துவிட்டு, ராசா கடைசியாக, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

ஓர் உயிரை நம்பி இன்னோர் உயிர் காத்திருக்கும் வீடு எத்தனை சிறியதானாலும், அதை இடிக்க எந்த ராசாவுக்கும் உரிமை இல்லை.