சாவிக்கொத்து சொன்ன சாட்சி

கரிசல் காட்டு ஊர் ஒன்றில், வத்தல் வியாபாரி தனுஷ்கோடியின் இடுப்பில் ஒரு சாவிக்கொத்து வாழ்ந்து வந்தது. வீடு, கடை, சரக்கு அடுக்கும் கிட்டங்கி, வியாபாரிகள் சங்கத்துப் பெட்டகம் என்று ஆறு இரும்புச் சாவிகள். ஆனால் ஊரில் அதற்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பூட்டுகள் அல்ல, அவர் மகள் திலகராணி.

திலகராணிக்கு வலிப்பு வரும். கை கால் வெட்டி இழுக்கும்போது யாராவது ஓடிவந்து சாவிக்கொத்தை அவள் கையில் திணிப்பார்கள். இரண்டு நிமிடத்தில் வலிப்பு நிற்கும். “இரும்பு பட்டதும் அடங்கிருச்சு பாத்தியளா!” என்பார்கள். சாவிக்கொத்துக்குப் பெருமை தாங்காது.

ஆனாலும் உள்ளுக்குள் அதற்குத் தெரியும். வலிப்பு தானாக வந்தது, தானாகவே போனது. தன்னால் ஆனதெல்லாம் அவள் உள்ளங்கையில் பதிந்த காயம் மட்டும்தான்.

ஒருநாள் வலிப்பு நிற்கவில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் அவள் உடம்பு தளர்ந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில், மூளையின் அலைகளை வரைகிற கருவி நின்றிருந்தது.

“வலிப்ப நிறுத்துற ஆளு நீதானா?” என்று சாவிக்கொத்தைப் பார்த்துக் கேட்டது அது.

“கேலி பண்ணாத. இவளுக்கு ஏன் இப்படி வருதுன்னு உனக்காவது தெரியுமா?”

“வர்றது தெரியும், கோடு போட்டுக் காட்டுவேன். ஏன்னு தெரியாது. நெறையப் பேருக்கு மாத்திரையே போதும். இவ மாதிரி மாத்திரைக்கு அடங்காதவங்களுக்காக டாக்டர் நிலோபர் ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க. பணம் இல்லாம பாதியில நிக்குது.”

மகள் தேறி வந்த வாரமே, டாக்டரிடம் விவரம் கேட்டறிந்த தனுஷ்கோடி சங்கத்தைக் கூட்டினார். ஊர் முகப்பில் அலங்கார வளைவு கட்டச் சேர்த்த பணத்தை அந்த ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்றார்.

சங்கத்து உறுப்பினர் பால்சாமி எழுந்தார். “அண்ணாச்சி, சாவியக் குடுத்தா நிக்கிற நோவுக்கு ஆராய்ச்சி எதுக்கு?”

பலரும் தலையாட்டினார்கள். தனுஷ்கோடி சாவிக்கொத்தை அவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

“நீயே சொல்லு. எம்மகள எத்தன தடவ காப்பாத்திருக்க?”

உண்மையைச் சொன்னால் இத்தனை வருட மரியாதையும் போய்விடும். சாவிக்கொத்து எதிரே பார்த்தது. அப்பாவோடு வந்திருந்த திலகராணி தலைகுனிந்து, தழும்பேறிய உள்ளங்கையை மடக்கி வைத்திருந்தாள்.

“ஒரு தடவகூட இல்ல, அண்ணாச்சி” என்றது. “அன்னைக்கு ஆஸ்பத்திரி போற வரைக்கும் இவ கையிலதான் இருந்தேன். எனக்கு ஒண்ணும் செய்யத் தெரியல. பயந்து போயிட்டேன்.”

பால்சாமி மெல்ல உட்கார்ந்தார். “என் தங்கச்சி மகளுக்கும் இருக்கு” என்றார். “கல்யாணம் தடைப்படும்னு வெளிய சொல்லல. பணத்தக் குடுத்திருவோம், அண்ணாச்சி.”

பெட்டகத்தைத் திறக்கத் திரும்பியபோது, சாவிக்கொத்துக்குத் தன் எடையே குறைந்தது போலிருந்தது.

இரண்டு வருடம் எதுவும் புலப்படவில்லை. “வளைவாவது மிஞ்சியிருக்கும்” என்று சிலர் முணுமுணுத்தார்கள். மூன்றாம் வருடம் டாக்டர் நிலோபர் கூப்பிட்டனுப்பினார். திலகராணியின் மூளையில், பிறக்கும்போதே பிசகிப்போன ஒரு சின்ன மடிப்பு. பழைய ஸ்கேன் படங்களில் யார் கண்ணிலும் படாதது. அவளைப் போலவே இன்னும் பதினோரு பேர். அவர்களுக்கென்று ஒரு புது வைத்தியம் தொடங்கியது. எல்லோருக்கும் பலிக்கவில்லை. திலகராணிக்குப் பலித்தது.

பதினாலு மாதம் வலிப்பில்லாமல் கழிந்த பின், ஒரு காலையில் அவள் அப்பாவிடம் வந்தாள்.

“இன்னைக்குக் கடையை நான் தெறக்கேன், அப்பா.”

தனுஷ்கோடி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்துத் திண்ணையில் வைத்தார். அவள் கை நீட்டிச் சாவிக்கொத்தை எடுத்தாள். நினைவில்லாத விரல்களுக்குள் திணிக்கப்பட்டே பழகியிருந்த அதை, விழித்திருந்த அந்தக் கை தானாக எடுத்தது அன்றைக்குத்தான்.