பதினேழு கம்பமும் ஒரு முழம் நூலும்

ஏரிக்கரைப் புளியமரத்துப் பொந்தில் வாலாம்பா என்ற அணில் குடியிருந்தாள். அமாவாசையன்று அவளுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளையின் அப்பன் கொறியன் அப்போது ஊரில் இல்லை. கொட்டை பொறுக்கும் கூட்டத்தோடு ஆற்றைத் தாண்டிப் போனவன், வெள்ளம் வந்துவிட்டதால் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டான்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிறந்தபின் வரும் முதல் பௌர்ணமியன்று, வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள், அப்பன் தன் குரலில் பிள்ளையின் காதில் மூன்று தடவை பேர் சொல்ல வேண்டும். தவறினால் அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் பேர் கிடையாது. 'ஏய்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஏற்கெனவே காட்டில் நாலு 'ஏய்' இருந்தார்கள். ஒரு முயல், ஒரு கீரி, இரண்டு பெருச்சாளி. யாராவது "ஏய்!" என்றால் நாலு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். "உன்னை இல்லப்பா" என்று மூன்று பேரிடம் சொல்லி முடிப்பதற்குள், எதற்குக் கூப்பிட்டோம் என்பதே மறந்து போகும்.

நல்லவேளை, சிலந்திகள் ஒரு கம்பெனி தொடங்கியிருந்தன. மரத்துக்கு மரம் நூல் இழுத்துக் கட்டும். ஒரு முனையில் பேசினால் மறுமுனையில் காது வைத்தவருக்குக் கேட்கும். நடுவில் ஆறு இருந்தாலும் சரி, மலை இருந்தாலும் சரி. ஆள் வர முடியாவிட்டால் குரல் வந்தால் போதும் என்று காட்டுப் பஞ்சாயத்தும் ஒப்புக்கொண்டுவிட்டது.

வாலாம்பா மறுநாளே மனு கொடுத்தாள். மனு எழுத வந்த சிலந்தி எட்டுக் காலையும் தட்டிச் சொன்னது: "மூணே நாள்! அதுக்குமேல ஒரு நாள் ஆனா என்னை என்னன்னு கேளுங்க!"

கொக்கு ஒருத்தி ஆற்றைத் தாண்டிப் போனாள். அவளிடம் வாலாம்பா புருஷனுக்குச் சேதி சொல்லி அனுப்பினாள். கொக்கு பதிலும் கொண்டுவந்தாள்.

"பௌர்ணமி காலையில அக்கரை நூல் நிலையத்துல வந்து நிக்கிறாராம். உச்சி வெயிலுக்கு அவங்க கூட்டம் மலைக்குள்ள போயிருமாம். அதுக்குள்ள கூப்பிடச் சொன்னார்."

"அதுக்குள்ளயா! மூணு நாள்ல நூல் வந்துரும். அப்புறம் தினமும் பேசிப் பேசி அவருக்கே அலுத்துப் போயிரும், பாரு!" என்றாள் வாலாம்பா.

சும்மா இருந்தாளா? பொந்தைப் பெருக்கினாள். வாசலில் கோலம் போட்டாள். நூல் வந்தால் எந்தப் பக்கம் கட்டுவது என்று பார்த்து, நாலு இடத்தில் ஆணிக்குப் பதில் முள்ளைக் குத்தி வைத்தாள். வழியில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தினாள்.

"பௌர்ணமிக்கு வந்துருங்க! எங்க வீட்டு நூல்ல பேர் வைக்கிறோம்! நீங்களும் ஒரு வார்த்தை பேசலாம்!"

மூன்று நாள் ஆயிற்று. நூல் வரவில்லை. நாலாம் நாள் வாலாம்பா பிள்ளையை வாயில் கவ்விக்கொண்டு கம்பெனி ஆபீசுக்கு ஓடினாள். ஆபீஸ் ஒரு பழைய கரையான் புற்றில் இருந்தது. குறை கேட்கும் இடத்தில் வண்ணமுத்து என்ற பச்சோந்தி உட்கார்ந்திருந்தான். அன்றைக்குப் பச்சையாக இருந்தான்.

"கவலையே வேண்டாம்மா! உங்க வீட்டுக்கு ஆள் கிளம்பியாச்சு!"

வாலாம்பா குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஆள் வரவில்லை. மறுநாள் போனாள். வண்ணமுத்து மஞ்சளாக இருந்தான்.

"உங்க மனு மேல போயிருக்கும்மா."

"மேலன்னா எங்க? மரத்து மேலயா?"

"மேல."

அதற்கு மறுநாளும் போனாள். வண்ணமுத்து புற்றுமண் நிறத்தில் இருந்தான். அவன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியவில்லை. கண் மட்டும் உருண்டது.

"எந்த மனு?" என்றான்.

வாலாம்பாவுக்கு வால் மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. "எந்த மனுவா! நேத்து மேல போச்சுன்னியே, அந்த மனு!"

"ஓ, அதுவா. நாளைக்கு ஆள் வருவார். ஆனா வீட்டுல ஆள் இருக்கணும். இல்லேன்னா வரிசையில கடைசிக்குப் போயிரும்."

மறுநாள் வாலாம்பா பொந்தை விட்டு அசையவில்லை. காலையில் ஒரு கொட்டை கொறிக்கக்கூட இறங்கவில்லை. மத்தியானம் பழுத்த புளியம்பழம் ஒன்று கண்ணுக்கு எதிரே கீழே விழுந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் தாகம் தொண்டையை அடைத்தது. 'ரெண்டு வாய் தண்ணி. ரெண்டே வாய்' என்று ஏரிக்கு ஓடினாள். குடித்தாள். ஓடி வந்தாள்.

வாசலில் ஈரக் கோடு ஒன்று மின்னியது. கோலத்தின் நடுவில் ஓர் இலை ஒட்டியிருந்தது. அதில் எழுதியிருந்தது: 'வந்தோம். வீட்டில் ஆள் இல்லை.'

கம்பெனியின் வேலையாள் ஒரு நத்தை. பேர் பையாண்டி. காலையிலிருந்து மரத்தில் ஊர்ந்து ஏறியிருக்கிறான். அவ்வளவு நேரமும் அவள் கண்ணில் படாதவன், ரெண்டு வாய் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் வந்து, எழுதி, ஒட்டி, போயும் விட்டான்!

"வரும்போது ஊர்ந்து வந்தவனுக்குப் போகும்போது மட்டும் றெக்கை முளைச்சுதா?" என்று கத்திக்கொண்டே ஈரக் கோட்டின் வழியே பாய்ந்தாள். மூன்று சாண் தூரத்தில் பிடித்துவிட்டாள்.

"யோவ் பையாண்டி! நில்லு!"

"நின்னுக்கிட்டுதாம்மா இருக்கேன்" என்றான் நத்தை.

"நூல் எங்க?"

"நூலு இப்ப இல்லம்மா. இன்னிக்கு இடம் பாக்கத்தான் வந்தேன். உங்க வீட்டுக்கு நூல் கொண்டாறது லேசுப்பட்ட காரியமில்ல. ஏரிய ஒரு சுத்துச் சுத்தி, பதினேழு கம்பம் நட்டு, அந்தாண்ட பனைமரத்துலேருந்து இழுத்தாகணும்."

"ஏரியைச் சுத்தியா? ஏன்?"

"பக்கத்துல மரமே இல்லைன்னு மனுவுல போட்டிருக்கே." முதுகு ஓட்டுக்குள்ளிருந்து ஓர் இலையை இழுத்துக் காட்டினான். "உங்க பல்லுக்குறிதானே இது?"

அவள் பல்லுக்குறிதான். பையாண்டி கொம்புக்கண்ணை மெல்ல மேலே தூக்கினான். புளியமரக் கிளையோடு உரசிக்கொண்டு ஒரு நாவல்மரக் கிளை நின்றது.

"அப்ப அது என்னம்மா?"

"அது... அது நிழல்!"

சொத்தென்று ஒரு நாவற்பழம் பையாண்டியின் ஓட்டில் விழுந்து உருண்டது.

"நிழல் நல்லாப் பழுத்திருக்கு" என்றான் நத்தை.

நாவல்மரத்தில் மூக்கம்மா என்ற மைனா இருந்தாள். மூன்று மாதம் முன்னால், வாலாம்பா காயப்போட்டிருந்த இலவம்பஞ்சு காணாமல் போனது. "பஞ்சுத் திருடி!" என்று வாலாம்பா காடே கேட்கக் கத்தினாள். "மரத்துக்கு மரம் தாவுறவளுக்கு மரியாதை எங்க தெரியும்!" என்று மூக்கம்மா திருப்பிக் கொடுத்தாள். அன்றோடு பேச்சு நின்றது. ஏரியின் இந்தக் கரையில் முதல்முதலாக நூல் வாங்கியது மூக்கம்மாதான். மனு எழுத வந்த சிலந்தி, "பக்கத்து மரம் எது?" என்று கேட்டபோது, மூக்கம்மா தன் கிளையில் உட்கார்ந்து தங்கச்சியோடு நூலில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். வாலாம்பாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பக்கத்துல மரமே கிடையாது! எழுதிக்கோ!" என்றாள். சிலந்தியும் எழுதிக்கொண்டது. அவளும் கையெழுத்துக்குப் பதில் நறுக்கென்று கடித்துக் கொடுத்தாள்.

பையாண்டி சொன்னான்: "அந்த மைனாம்மா ஒரு வார்த்தை சரின்னு சொன்னாப் போதும். அவங்க கிளையிலேருந்து உங்க கிளைக்கு ஒரு முழம் நூல்தான். நாளைக்கே முடிச்சிருவேன்."

"அவகிட்ட நான் போய் நிக்கிறதா? கம்பத்தை நடுங்க!"

"பதினேழு கம்பம்மா."

"எழுபது ஆனாலும் நடுங்க!"

நட்டார்கள். நத்தை வேகத்தில் நட்டார்கள். வாலாம்பா தினமும் ஏரியைச் சுற்றி ஓடிப்போய் எண்ணிப் பார்த்தாள். ஐந்து. ஒன்பது. பன்னிரண்டு. அவள் ஓடிய தூரத்தைச் சேர்த்து வைத்திருந்தால், அக்கரைக்கே போய்ப் புருஷனைக் கூட்டிவந்திருக்கலாம். பதினாறாவது கம்பம் நட்ட அன்று ஓர் எருமை குளிக்க வந்தது. முதுகு அரித்தது போலிருக்கிறது. வரிசையாக ஆறு கம்பத்தில் உரசியது. ஆறும் சாய்ந்தன.

வாலாம்பா ஆபீசுக்கு ஓடினாள். வண்ணமுத்து ஏரித் தண்ணீர் நிறத்தில் இருந்தான்.

"எருமை குளிச்சா நாங்க என்னம்மா செய்ய முடியும்? எருமை மேல தனியா ஒரு மனு குடுங்க. மூணே நாள்!"

மறுநாள் பௌர்ணமி.

அழைப்பை ஒருவரும் மறக்கவில்லை. பேருள்ள முயல் ஒன்று கேரட்டோடு வந்தது. ஆமை முந்தின நாளே கிளம்பி வந்திருந்தது. நாலு 'ஏய்'களும் வந்தார்கள். எல்லோரும் புளியமரத்தடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்கள்.

"நூல் எங்க வாலாம்பா?" என்றது ஆமை.

"வந்துக்கிட்டே இருக்கு மாமா!"

"நானே வந்துட்டேன். இன்னுமா வருது?"

எல்லோரும் சிரித்தார்கள். வாலாம்பாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வானத்தைப் பார்த்தாள். வெயில் கிளையைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது. அக்கரையில் கொறியன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். இன்னும் கொஞ்ச நேரத்தில் கூட்டம் கிளம்பிவிடும்.

அப்போது கேரட்டைத் தொட்ட ஒரு பெருச்சாளியைப் பார்த்து ஆமை அதட்டியது: "ஏய்!"

நாலு பேரும் திரும்பினார்கள். கூடவே, கண் திறந்து இரண்டு நாளே ஆன வாலாம்பாவின் பிள்ளையும் மெல்லத் திரும்பிப் பார்த்தது.

வாலாம்பா துள்ளி எழுந்தாள். பிள்ளையைக் கவ்வினாள். கிளை நுனிக்கு ஓடினாள். 'நிழல்' என்று அவள் சொன்ன கிளைக்கு ஒரே தாவாகத் தாவினாள்.

மூக்கம்மா கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள். "யாரு? பக்கத்துல மரமே இல்லாதவளா? வழி தவறி வந்துட்டியா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பையாண்டி மெதுவா நடப்பான். சேதி மெதுவா நடக்குமா?"

வாலாம்பா பிள்ளையைக் கிளையில் வைத்தாள். தலையைக் குனிந்தாள். "அக்கா, நான் சொன்னது பொய். செஞ்சது கிறுக்குத்தனம். பதினாலு நாளா ஊரெல்லாம் ஓடினேன். ஒரு தாவு தாவி உங்ககிட்ட வரலை. எனக்காகக் கேக்கலை. என் பிள்ளைக்கு ஒரு பேர் வேணும். உங்க நூலைக் கொஞ்சம் குடுங்கக்கா."

"பஞ்சுத் திருடி வீட்டு நூல் ஆச்சே. ஒத்துக்குமா?"

"அந்தப் பஞ்சு காத்துல பறந்திருக்கும்கா. நான்தான் அவசரப்பட்டு..."

"காத்துல பறக்கலை. நான்தான் எடுத்தேன்."

வாலாம்பா வாயைப் பிளந்தாள்.

"முட்டை குளிர்ல கிடந்துச்சு. உன்கிட்ட கேட்டிருந்தாக் குடுத்திருப்பே. தெரியும். கேக்க எனக்கு வாய் வரலை." மூக்கம்மா அலகால் கூட்டைச் சுரண்டினாள். "உனக்காவது இன்னிக்கு வாய் வந்துச்சே. சரி சரி, அழாதே. வெயில் ஏறுது! பிள்ளையை இப்படிக் கொண்டா!"

நூலைச் சுண்டினாள். "அக்கரை நிலையமா? கொறியன்னு ஒரு அணில் நிக்கிறாரா? கிளம்பிட்டாரா? கிளம்பிட்டாரா! கூப்பிடுங்கய்யா, ஓடிப்போய்க் கூப்பிடுங்க!"

நூல் சும்மா கிடந்தது. காற்றில் ஆடியது.

பிறகு நூல் துடித்தது. மூக்கம்மா அதன் முனையைப் பிள்ளையின் காதில் வைத்தாள். ஓடிவந்து மூச்சிரைக்கும் குரல் ஒன்று, ஆற்றைத் தாண்டி, காட்டைத் தாண்டி வந்தது.

"மாதுளை! மாதுளை! மாதுளை!"

பிள்ளை காதை ஆட்டியது. மரத்தடியே ஆர்ப்பரித்தது. மூக்கம்மா நூலை வாலாம்பாவிடம் நீட்டினாள்.

"வாலாம்பா!" என்றான் கொறியன். "பக்கத்துல நின்னு பேசுற மாதிரி கேக்குதே! எப்ப வந்துச்சு நம்ம வீட்டுக்கு நூலு?"

வாலாம்பா மூக்கம்மாவைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நூல் வரலைங்க. நான்தான் நூல் இருக்கிற இடத்துக்கு வந்தேன்!"

பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்கக் கூசுகிறவர், ஊரையே சுற்றி வந்தாலும் காரியம் ஆகாது.