அன்னம் வேடம் போட்ட மடையான்

அன்னந்தாங்கி ஏரிக்கரையில் சேறாண்டி என்றொரு மடையான் நின்றுகொண்டிருந்தான். அவன் நிற்பது நமக்குத் தெரியும். ஏரிக்கு வந்தவர்களுக்குத்தான் தெரியவில்லை.

மடையானை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கொக்கு இனம்தான். ஆனால் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, சேற்று நிறத்தில், சேற்றோடு சேறாக நிற்கும். மீன் பக்கத்தில் வரும்வரை ஓர் இறகுகூட அசையாது. வந்ததும் ஒரே கொத்து. இந்த வித்தையில் சேறாண்டியை மிஞ்ச அந்த ஏரியில் ஆள் இல்லை.

ஆனால் அதுதான் அவனுக்கு மனக்குறை.

விடுமுறை நாளானால் ஆட்கள் பைனாகுலரும் கட்டுச்சோறுமாக வந்து இறங்குவார்கள். அதோ கூழைக்கடா, இதோ பூநாரை என்று கையை நீட்டுவார்கள். சேறாண்டி பக்கம் ஒரு விரலாவது நீண்டதில்லை. ஒருநாள் ஓர் அம்மா அவனுக்கு நேர் முன்னால் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டாள். கை கழுவினாள். கழுவிய தண்ணீரை அவன் தலையிலேயே விசிறிவிட்டு எழுந்து போனாள்.

"என்ன அண்ணே, குளிச்சாச்சா?" என்று கேட்டாள் தாழைக்கோழி நீலாயி. பட்டுச்சேலை கட்டினதுபோல் மேலெல்லாம் நீலம், காலெல்லாம் சிவப்பு. அவளைப் படம் பிடிக்காமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. அந்தத் தெம்பில் பேசுகிறாள்.

சேறாண்டிக்குச் சுருக்கென்றது.

அந்த ஏரிக்கு ஒரு பழைய கதை உண்டு. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளை அன்னம் வானத்திலிருந்து அதில் இறங்கியதாம். இறங்கியது திரும்பிப் போகவே இல்லையாம். அதைக் கண்ணால் கண்டவர் வீட்டில் தட்டிப்போன கல்யாணம் கூடிவருமாம், வற்றின கிணறு ஊறுமாம். ஏரிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அதற்காகத்தான் வருகிறார்கள். கேட்டால் மட்டும், சும்மா பறவை பார்க்க வந்தோம் என்பார்கள்.

ஒருநாள் காலையில் பெரிய தொப்பி வைத்த ஒருவர் தன் மனைவியைப் படம் பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்து வந்து, சேறாண்டியை மிதிக்கப் பார்த்தார். சேறாண்டி பதறி எழும்பினான். மடையான் எழும்பினால் என்ன ஆகும்? மடக்கி வைத்த இறக்கை விரியும். விரித்தால் அத்தனையும் வெள்ளை, வெளுத்துக் காயப்போட்ட வேட்டிபோல.

தொப்பிக்காரர் வாயைப் பிளந்தார். "அன்னம்!"

அவர் மனைவி கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டாள்.

சேறாண்டி பறந்தபடியே திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. கும்பிடு தனக்குத்தான்!

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

மறுநாள் காலையிலேயே ஏரி நடுவில் இருக்கும் பாறைமேல் போய் நின்றுகொண்டான். இறக்கையை மடக்கினால் சேற்று நிறம் தெரிந்துவிடும். அதனால் நாள் முழுக்க விரித்தபடியே நின்றான். தோள் கடுத்தது, காற்று வேறு ஆளைத் தள்ளியது. ஆனாலும் கரையில் கூட்டம் சேரச் சேர வலியெல்லாம் மறந்துபோனது. மீன்கள்தான் அந்த வெள்ளையைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு வேறு பக்கம் போயின.

அவனுக்கோ குடும்பம் இருந்தது. ஏரித் தண்ணீரில் நின்ற கருவேல மரத்தில் கூடு. கூட்டில் மூன்று குஞ்சுகள், இன்னும் மேலில் பூனைமயிர்தான். எதிரிலிருந்த பனைமரத்தில் ஒரு பருந்து குடியிருந்தது. அதனால் கூட்டைச் சற்று நேரம்கூட வெறுமனே விட முடியாது. ஒருவர் காவல் இருந்தால் மற்றவர் மீனுக்குப் போகவேண்டும். அதுதான் அவனும் மனைவி மருதாயியும் வைத்துக்கொண்ட ஏற்பாடு. பருந்து வேறு பக்கம் பார்க்கும்போதுதான் கூட்டுக்கு வருவதும் போவதும்.

பொழுது சாயும் நேரம் சேறாண்டி வெறும் அலகோடு வீடு வந்தான். குஞ்சுகள் மூன்றும் வாயைத் திறந்தன. திறந்த வாயைத் திறந்தபடியே வைத்திருந்தன.

"மீன் எங்கேங்க?" என்றாள் மருதாயி.

அவன் கூட்டம் வந்த கதையைச் சொன்னான். கும்பிட்ட கதையைச் சொன்னான். தன் இறக்கையின் வெள்ளையைப் பற்றி விடாமல் பேசினான்.

"எனக்கும்தான் வெள்ளை இறக்கை இருக்கு. நான் பறக்கிறதுக்கு வச்சிருக்கேன்," என்றாள் அவள்.

மறுநாள் தொப்பிக்காரர் ஒரு கிண்ணத்தோடு பரிசலில் வந்தார். பாலில் தண்ணீர் கலந்து பாறைமேல் வைத்தார். அன்னம் என்றால் பாலை மட்டும் குடித்துவிட்டுத் தண்ணீரை விட்டுவிடுமே, சோதித்துப் பார்க்கலாம் என்று அவருக்கு ஆசை. பரிசல் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றது.

பாலை எப்படிப் பிரிப்பது என்று சேறாண்டிக்குத் தெரியவில்லை. அலகை விட்டான். இரண்டு வாய் குடித்தான். மீன் தின்கிற வாய்க்கு அது ஒத்துவரவில்லை. அதற்குமேல் முடியாமல் நிமிர்ந்துவிட்டான்.

"பாத்தீங்களா, தண்ணியை அப்படியே மிச்சம் வச்சிருக்கு," என்று தொப்பிக்காரரின் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கிண்ணத்தில் இருந்தது என்னவோ அதே வெள்ளைத் தண்ணீர்தான்.

அன்று பிற்பகல் முழுக்கச் சேறாண்டி நாணலுக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். நீலாயி எட்டிப் பார்த்தாள். பாலைப் பிரித்தாயிற்றா, இன்னும் பிரித்துக்கொண்டுதான் இருக்கிறாயா என்று கேட்டாள்.

இத்தனைக்கும் புத்தி வந்ததா? மறுநாளும் பாறைக்குத்தான் கிளம்பினான். மருதாயி குறுக்கே வந்து நின்றாள். மூன்று குஞ்சுகளில் சின்னது தலை தூக்கவில்லை. இரண்டு நாளாக அரைகுறைத் தீனி. அவள்தான் காவலையும் பார்த்துக்கொண்டு, கூட்டைச் சுற்றியிருந்த கிளைகளில் கிடைத்த பூச்சி புழுவைப் பொறுக்கி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு நான் மீனுக்குப் போறேன். நீங்க அன்னமா இருந்தாலும் சரி, மயிலா இருந்தாலும் சரி, கூட்டைவிட்டு எழுந்திரிக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டாள்.

சேறாண்டி உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் நல்லபடியாகத்தான் உட்கார்ந்திருந்தான்.

பிறகு பரிசல் வந்தது. பாறையைச் சுற்றிவிட்டு, அன்னத்தைக் காணாமல் தொப்பிக்காரர் இங்கும் அங்கும் பைனாகுலரைத் திருப்பினார். அவர் முகம் தொங்கிப்போனது. சேறாண்டிக்கு மனம் கேட்கவில்லை. பாவம், ஆசையாக வந்திருக்கிறார்கள். எழுந்திருக்க வேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு தடவை காட்டினால் என்ன?

இரண்டு இறக்கையையும் விரித்தான்.

"அதோ, கருவேல மரத்துல!" என்று பரிசலில் சத்தம் கிளம்பியது. பரிசல் மரத்தைப் பார்த்துத் திரும்பியது.

பனைமரத்தில் பருந்தும் தலையைத் திருப்பியது. இத்தனை நாளும் அந்த மரத்தில் கூடு எந்தக் கிளையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது.

பருந்து பனையைவிட்டு எழும்பியதைச் சேறாண்டி பார்த்தான். சண்டை போட அவன் அலகு போதாது. குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு பறக்கவும் முடியாது. அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

இறக்கையை மடக்கினான். கழுத்தைத் தோளுக்குள் இழுத்தான். குஞ்சுகள் மேல் அப்படியே படிந்து, சுள்ளியோடு சுள்ளியாக அடங்கிப்போனான்.

பருந்து பக்கத்துக் கிளையில் வந்து உட்கார்ந்தது. "இங்கேதானே வெள்ளையா மின்னுச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, கிளை கிளையாகத் தேடியது.

சின்னக் குஞ்சு அப்போது பார்த்து அசைந்தது. "அப்பா, பசி..." என்று ஆரம்பித்தது. சேறாண்டி தலையை மெல்ல உள்ளே விட்டு, தன் வெறும் அலகை அதன் வாயில் வைத்தான். வேறு கொடுக்க அவனிடம் ஒன்றும் இல்லை. குஞ்சு அதையே கவ்விக்கொண்டு அமைதியானது.

பரிசலும் மரத்தடிக்கு வந்து நின்றது. தொப்பிக்காரர் கை நீட்டினால் எட்டும் தூரம்.

"எங்கேங்க அன்னம்? வெறும் சேறு அப்பின சுள்ளியில்ல இருக்கு," என்றாள் அவர் மனைவி.

ஒரே ஓர் இறகைத் தூக்கினால் போதும், கும்பிடு விழும். சேறாண்டி தூக்கவில்லை. இதைவிட இனிப்பான பேச்சை அவன் அதுவரை கேட்டதே இல்லை.

"நமக்குக் கொடுப்பினை இல்ல போல," என்றார் தொப்பிக்காரர். பரிசல் திரும்பியது. பருந்தும் இன்னொரு தடவை கிளைகளைப் பார்த்துவிட்டு, கண் ஏமாற்றிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டு ஏரியின் அந்தக் கோடிக்குப் பறந்துபோனது.

அலகு நிறையக் கெண்டையோடு மருதாயி திரும்பி வந்தபோதும் சேறாண்டி அசையவில்லை. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அவனைக் காணோமே என்று அவளே திகைத்துப் போனாள். பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது.

குஞ்சுகளுக்கு ஊட்டிக்கொண்டே, யாராவது வந்தார்களா என்று கேட்டாள்.

"எல்லாரும் வந்தாங்க. யாரும் என்னைப் பார்க்கல," என்றான் சேறாண்டி. அவ்வளவு பெருமையாக அவன் அதற்குமுன் எதையும் சொன்னதில்லை.

மறுநாள் அவன் பழைய சேற்றில் போய் நின்றான். "அன்னம் அண்ணே, பால் வேணுமா?" என்று நீலாயி கேட்டாள். பளிச்சென்று ஒரு கொத்து. அலகில் கெண்டை துள்ளியது.

ஊரார் கண்ணில் படவேண்டும் என்பதற்காக நமக்கு வாய்த்த திறமையை உதறினால், அதில் முதலில் வாடுவது நம்மை நம்பி வாயைத் திறந்து வைத்திருக்கிறவர்கள்தான்.