மனைக்கு ஒரு தேங்காய்

முன்னொரு காலத்தில் தும்பைநாடு என்றொரு நாட்டைப் பூந்தார்ப் பூபதி என்ற அரசர் ஆண்டுவந்தார். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அந்த வாரம் சிம்மாசனம் குத்துகிறது என்று ஊஞ்சலில் உட்கார்ந்து அரசாண்டார். முறையிட வந்தவர்கள் ஊஞ்சலோடு முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே பேச வேண்டும். பருத்த மந்திரிகள் பாதியாக இளைத்துப்போனார்கள்.

அப்படி மூச்சிரைக்க ஓடித்தான் ஊர்ச்சபைத் தலைவி வேலாத்தாள் முறையிட்டாள். வீடில்லாத குயவர் குடும்பங்கள் சந்தைக் கொட்டகையில் கிடக்கின்றன. போன மழையில் அடுப்பும் சோறும் மிதந்து போயின. அடுத்த மழைக்குள் சபை நிலம் வாங்கி, அவர்களால் கொடுக்க முடிந்த விலைக்கு மனை பிரித்துத் தர வேண்டும். ஆனால் ஊருக்குத் தெற்கே கிடக்கும் தரிசு முழுவதும் பிரதானி திருமேனி ராயருடையது. அவரோ மனைக்கு ஒரு குடம் பொன் கேட்கிறார்.

ராயருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அவள் பேசினால் அரசர் சிரிப்பார், இவர் பேசினால் கொட்டாவி விடுவார். "பொன் விளையும் பூமி, பிரபோ. ஒரு குடம் என்பதே குறைவு," என்றார் நெஞ்சை நிமிர்த்தி.

அரசருக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. "வேலாத்தா, இந்த ஊஞ்சல் நிற்பதற்குள் ராயரை விலை குறைக்க வை. முடியாவிட்டால் இந்தப் பேச்சையே இனி எடுக்கக் கூடாது," என்று உந்துவதை நிறுத்திக் காலை மடக்கிக்கொண்டார்.

அந்நாட்டில் நிலத்தின் மதிப்பை உடையவரே அரசர் முன்னால் சொல்ல வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு வரி. ராயர் வருஷாவருஷம் அரசர் தூங்கும் நேரமாகப் பார்த்து ஏதோ ஒரு சொற்ப விலையை முணுமுணுத்துவிட்டுப் போவார்.

"ராயர் சொல்றது மெத்தச் சரிங்க மகாராசா," என்றாள் வேலாத்தாள். "அந்த வெலைக்கே இந்த வருசத்து வரியையும் போட்டுக்கலாமுங்களே?"

ராயருக்கு வேர்த்துக்கொட்டியது. பொன் விளையும் என்றது சும்மா பேச்சுக்கு, அங்கே கல்லும் கள்ளியும்தான் என்றார். ஊஞ்சல் போய் வந்தது. கழுதைகூட அங்கே மேயாது என்றார். ஊஞ்சல் தளர்ந்தது. "மனைக்கு ஒரு தேங்காய் பெறுமா என்பதே சந்தேகம், பிரபோ."

"சரிங்க. தேங்காய்க்கே சபை எடுத்துக்குதுங்க."

ஊஞ்சல் நின்றது. அது வரிக்குச் சொன்ன விலை, விற்கிற விலை வேறு என்று ராயர் குதித்தார். அரசர் சிரித்த சிரிப்பில் ஊஞ்சலிலிருந்து விழப் பார்த்தார்.

"ஒரே நிலம், ஒரே வாய், ராயரே. பொன்னென்றால் பொன்னுக்கு வரி கட்டும். தேங்காயென்றால் தேங்காய்க்குக் கொடும். எது?"

ராயர் விரல்விட்டு எண்ணினார். பொன்னென்றால் வரிக்கே மாளிகையும் சேர்ந்து போய்விடும். "தேங்காய்," என்றார்.

மனை தரும் நாளில் அரசர் ஊஞ்சலைத் தெற்குத் தரிசின் புளியமரத்தில் கட்டச் சொல்லிவிட்டார். ராயர் தம் கையாலேயே குயவர்களிடம் தேங்காய்களை வாங்கிக் கூடையில் போட்டார். எல்லாரும் கொடுத்து முடித்ததும் மாரக்காள் என்ற குயத்தி மண்வெட்டியை எடுத்தாள், தயங்கினாள். தேங்காய் உடைக்காமல் யாரும் மனையில் மண்வெட்டி போடுவதில்லை. இருந்த ஒரு காயும் விலையாகப் போய்விட்டது.

எல்லாரும் கூடையைப் பார்த்தார்கள். ஆடிக்கொண்டே அரசரும் பார்த்தார். ராயர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு காயை எடுத்து நீட்டினார். உடனே அவள் பின்னால் நீளமாக ஒரு வரிசை நின்றது.

கூடை காலியானது. தரிசெங்கும் தேங்காய் உடைந்தது, குயவர்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். அரசர் தம் முத்துமாலையை வேலாத்தாளுக்குப் போட்டு, இனி நாடெங்கும் மனை தருவது ஊர்ச்சபைகளின் பொறுப்பு என்று அறிவித்தார்.

வேலாத்தாள் ஒரு தேங்காய்ச் சில்லை எடுத்து ராயர் கையில் வைத்தாள். "உங்க நெலத்து வெலைங்க. இனிக்குதான்னு பாருங்க."

ராயர் மென்றார். பாழாய்ப்போன தேங்காய் இனிக்கத்தான் செய்தது.